வரவு நின்ற சங்கம்: கையிருப்பா, கத்தரியா, கைமாற்றா?

மாணவர் சங்கத்தில் ஒருவர் பொருளாளர் ஆவது பெரும்பாலும் வேறு யாரும் கை தூக்காததால்தான். நானும் அப்படித்தான் ஆனேன். நல்ல நாளில் அது சின்ன வேலை. சந்தா வரும், ரசீது போடுவோம், விழாவுக்குச் செலவழிப்போம், ஆண்டு முடிவில் பேரேட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவோம். வளாகம் திடீரென்று மூடப்பட்டாலோ, வேலைநிறுத்தம், வெள்ளம், புதுச் சட்டம் என்று ஏதாவது வந்து வரவை அறுத்தாலோதான் அந்தப் பதவியின் கனம் தெரியும்.

அப்போது எல்லாப் பொருளாளர்களும் ஒரே கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கிற பணத்தை எடுத்துச் சமாளிப்பதா, செலவை எல்லாம் நிறுத்துவதா, நிர்வாகத்திடம் கைமாற்று கேட்பதா, மாணவர்களிடமே கூடுதலாகக் கேட்பதா? செயற்குழுவில் நாலு பேர் இருந்தால் நாலுக்கும் ஒவ்வொருவர் வாதாடுவார். நாலுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் பெரிய தப்பு. எங்கே எது என்று பார்ப்போம்.

## முதலில், எந்தக் குழாய் நின்றது?

சங்கத்துக்குப் பணம் பொதுவாக மூன்று வழியில் வரும். உறுப்பினர் சந்தா ஒன்று. கேன்டீன், கடை, அரங்க வாடகை, டிக்கெட் என்று நாமே சம்பாதிப்பது இன்னொன்று. மூன்றாவது கல்வி நிறுவனம் தரும் மானியம். எல்லாவற்றுக்கும் 'நெருக்கடி' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோமே தவிர, ஒவ்வொரு நெருக்கடியும் வேறு வேறு குழாயைத்தான் அடைக்கிறது.

2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ கணக்குப்படி, உச்சக்கட்டத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது. பிரிட்டனில் பல மாணவர் சங்கங்கள் மதுக்கூடமும் கடையும் நடத்திச் சம்பாதித்தவை. யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நிற்கிறோம் என்பது அவற்றுக்குப் பெருமை. பொதுமுடக்கத்தில் முதலில் மடங்கியது அந்தச் சொந்தக் கால்தான். ஊழியர் சம்பளத்தில் தொடக்கத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே ஏற்ற திட்டம் 2021 செப்டம்பர் வரை ஓடியது. ஆட்களை அனுப்பாமல் தாக்குப்பிடிக்க அது பல இடங்களில் கைகொடுத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே வளாகம் திறந்தேதான் இருந்தது, கடைகளும் ஓடின. ஆனால் 2006 ஜூலை 1 முதல் கட்டாயச் சங்கக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று சட்டம் வந்து, சந்தாக் குழாய் நின்றது. 2012இல் மாணவர் சேவைக் கட்டணம் என்ற வேறு உருவத்தில் பணம் திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை வசூலிப்பது பல்கலைக்கழகம். தண்ணீர் வந்தது, குழாயின் திருகு கைமாறிவிட்டது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்னொரு கதை. 'அத்தியாவசியம் இல்லாத' கட்டணங்களை மாணவர்கள் விரும்பினால் கட்டாமல் விடலாம் என்று 2019 ஜனவரியில் அரசு அறிவித்தது. அந்த ஆண்டின் செப்டம்பர் பருவத்தில் அது நடைமுறைக்கும் வந்தது. நவம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2021இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. ஆஸ்திரேலியாவில் ஐந்தரை வருடம் நீடித்த அதே மாதிரி அடி, ஒன்டாரியோவில் ஒரு வருடத்துக்குள் முடிந்தது. உள்ளே மாட்டியிருப்பவருக்கு இரண்டும் முதல் மாதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். கீழே வரும் அளவுகோல்களில் இரண்டாவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை மாதம் தாங்கும்? வங்கி இருப்பை மாதச் செலவால் வகுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஒரு பேச்சுக்கு, இருப்பு 6,00,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,00,000 பழைய மாணவர் ஒருவர் பரிசுத்தொகைக்கென்று கொடுத்தது. 90,000 துறை மன்றங்களின் பணம், தனிக் கணக்கு இல்லாததால் நம் கணக்கில் தங்கியிருக்கிறது. 60,000 இன்னும் கொடுக்காத பில். இவை 2,50,000 கழிந்தால் நம்முடையது 3,50,000தான். மாதம் 70,000 செலவென்றால் ஐந்து மாதம். பாஸ்புக்கை மட்டும் பார்த்தவர் எட்டரை மாதம் என்று சொல்லியிருப்பார். செலவை 45,000க்கு இறக்கினால் ஏழே முக்கால் மாதம் வரும். இந்த ஒரு கணக்கைப் போட்டு முடித்தாலே செயற்குழுவின் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

திரும்பி வர முடியுமா? அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிட்டால், இன்று எடுத்த முடிவை அழித்து எழுத முடியுமா?

திருகு யார் கைக்குப் போகிறது? பணம் தருபவர் பேச்சையும் கேட்க வேண்டியிருக்குமா?

சுமை யார் தலையில்? இந்த வருட மாணவர்களா, அடுத்த வருடம் வரப்போகிறவர்களா, சங்க ஊழியர்களா, ஏற்கெனவே பணக் கஷ்டத்தில் இருப்பவர்களா?

கணக்குக் காட்டும் நாளில் நிற்குமா? தீர்மானம், வவுச்சர், ரசீது எல்லாம் இருக்குமா? அவசரத்தில் எடுத்த நல்ல முடிவுகூடத் தாள் இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்துக் கையாடல் மாதிரித்தான் தெரியும்.

## கையிருப்பை எடுத்துச் சமாளிப்பது

இதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. திருகு நம் கையிலேயே இருக்கும். சேமநிதி எதற்கு இருக்கிறது, இந்த மாதிரி நாளுக்குத்தானே என்று சொல்பவர்கள் சொல்வதும் சரிதான்.

ஆனால் சத்தமில்லாமல் தின்னும் செலவுகள் இதிலும் உண்டு. நிலையான வைப்பைக் காலத்துக்கு முன்பே உடைத்தால் வட்டி குறையும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்த பணத்தில் கை வைப்பது. "இப்போது எடுத்துக்கொள்வோம், சந்தா வந்ததும் போட்டுவிடலாம்" என்று சொல்லி எடுப்பார்கள். போட வேண்டிய நேரத்தில் எடுத்தவர் படிப்பு முடிந்து போயிருப்பார். அப்புறம், கையிருப்பு ஒரேயடியாகக் கரைவதில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் எந்தக் கூட்டத்திலும் அது ஒரு பிரச்சினையாகவே எழுவதில்லை.

அதனால் கையிருப்பைத் தொடுமுன் தொடக்கூடாத அடித்தொகை ஒன்றை முடிவுசெய்துவிட வேண்டும். நாளைக்கே சங்கத்தை இழுத்து மூடினால் கொடுக்க வேண்டியவை எவ்வளவு? ஊழியருக்கான பாக்கி, தணிக்கைக் கட்டணம், ஒப்பந்தங்களை முறிக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அடித்தொகை. எங்கள் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி, மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'இதற்குக் கீழே இறங்கினால் பொதுக்குழு' என்று எழுதி வைத்தோம். எங்கள் செயலாளரின் உற்சாகத்தை அந்தப் பென்சில் கோடு இரண்டு தடவை தடுத்து நிறுத்தியது.

இது எப்போது நல்லது: நின்ற குழாய் எப்போது திறக்கும் என்று ஓரளவு தேதி தெரிந்திருக்கும்போது. வெள்ளத்தில் மூடிய கட்டடம், தள்ளிப்போன சேர்க்கை, ஒரு பருவ வேலைநிறுத்தம் போன்றவை. சட்டமே மாறி வரவு போய்விட்டது என்றால், கையிருப்பு நாளைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

## கத்தரி போடுவது

செயற்குழுவில் முதலில் எழும் குரல் இதுதான். "எல்லாச் செலவையும் நிறுத்துங்க, நிலைமை சரியானதும் பார்த்துக்கலாம்." கேட்கப் பொறுப்பாக இருக்கிறது. நாலு வழிகளில் ஆட்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான் என்பது என் எண்ணம்.

நிறுத்தினால் நிற்பவை எவை என்று பட்டியல் போட்டால் தெரியும், மிகக் குறைவு. அரங்கத்துக்குக் கொடுத்த முன்பணத்துக்குக் காலக்கெடு இருக்கும். நிகழ்ச்சியை நிறுத்தினால் அதுவும் போகும். காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் பூட்டிய அறையில் இருக்கும் ஒலிபெருக்கிக்கும் கணினிக்கும் பாதுகாப்பு இல்லை, அதுவும் வளாகத்தில் ஆளே இல்லாத நேரத்தில். இணையதளப் பெயருக்கு வருடக் கட்டணம் கட்டாவிட்டால் பெயர் வேறு யாரிடமாவது போய்விடும்.

இதையெல்லாம்விடப் பெரியது ஆள். பல சங்கங்களில் பகுதிநேரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். போன வருட வவுச்சர் எந்த அலமாரியில், எந்தத் துறை மன்றம் வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குக் கொடுக்கவில்லை, தணிக்கையாளருக்கு எந்தத் தாளை முதலில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பொறுப்பாளர்கள் வருடா வருடம் மாறும் அமைப்பில் நினைவு என்று இருப்பது அவர் ஒருவரிடம்தான். இரண்டு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்த அவரை அனுப்பிவிட்டால், திரும்பக் கூப்பிடும்போது வேறு வேலையில் சேர்ந்திருப்பார். ஒன்டாரியோ மாதிரி பத்து மாதத்தில் நிலைமை திரும்பினாலும் அவர் திரும்ப மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நெருக்கடியின்போதுதான் மாணவர்கள் சங்கத்தைத் தேடி வருகிறார்கள். கட்டணத் தவணை, விடுதிப் பாக்கி, தேர்வுத் தேதி, ஊருக்குப் போக வழி என்று வருகிறவர்களுக்கு மூடிய கதவுதான் பதில் என்றால், அடுத்த வருடம் "அன்றைக்கு இல்லாத சங்கத்துக்கு நான் ஏன் சந்தா கட்டணும்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எல்லாத் தலைப்பிலும் 20 சதவீதம் வெட்டுவது என்று ஒரு சோம்பேறி வழி இருக்கிறது. நியாயமாகத் தெரியும், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் தணிக்கையாளர் கணக்கில் ஐந்தில் நாலு பங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டார். காப்பீட்டையும் அப்படி வெட்ட முடியாது. செலவுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சட்டமோ ஒப்பந்தமோ கட்டாயமாக்கியவை, ஆட்களைச் சார்ந்தவை, நிகழ்ச்சிகளைச் சார்ந்தவை. கத்தரி மூன்றாவது குவியலில் தொடங்கட்டும். அதில் எவ்வளவு தாராளமாக வெட்டினாலும் பெரும்பாலும் திரும்ப ஒட்டிவிடலாம்.

இது எப்போது நல்லது: வளாகத்தில் ஆளே இல்லாததால் நிகழ்ச்சிச் செலவு எப்படியும் வீண் என்னும்போது. சட்டம் மாறி வரவு நிரந்தரமாகச் சுருங்கிவிட்டதாகத் தெரிந்தால், சீக்கிரம் வெட்டுவதுதான் இரக்கம்.

## நிர்வாகத்திடம் கேட்பது

கேட்கப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது: அவர்கள் நமக்குத் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் சங்கச் சந்தாவைக் கல்விக் கட்டணத்தோடு நிர்வாகமே வசூலித்துப் பிறகு மாற்றிவிடும். நாங்கள் கைமாற்று கேட்டுப் போன அன்றைக்குத்தான் இரண்டு பருவத்துச் சந்தா அவர்கள் கணக்கிலேயே கிடந்தது தெரிய வந்தது. கடன் கேட்டு எழுதிய கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வேறு கடிதம் எழுதினோம்.

பாக்கி இல்லை, உண்மையாகவே உதவிதான் வேண்டும் என்றால், எந்த வடிவத்தில் என்பது முக்கியம். மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாம். கடன் என்றால் தர வேண்டும். 'அடுத்த ஆண்டு மானியத்தில் முன்பணம்' என்று ஒன்று சொல்வார்கள். பெயர் இனிமையாக இருந்தாலும் அதுவும் கடன்தான். கையெழுத்துப் போடுவது இந்த வருடச் செயற்குழு, பட்டினி கிடப்பது அடுத்த வருடச் செயற்குழு. அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலியே இருக்காது.

நிபந்தனைகள் தாளில் வந்தால் நல்லது, படித்துப் பார்த்து மறுக்கலாம். தாளில் வராதவைதான் தொல்லை. பணம் வந்த மாதத்திலிருந்து நிர்வாகத்தை விமர்சிக்கும் அறிக்கைகள் 'கொஞ்சம் பொறுத்துப் போடலாமே' என்று ஆகிவிடும். யாரும் யாரையும் மிரட்டியிருக்க மாட்டார்கள். மேற்பார்வை என்பதே கெட்டது என்று சொல்லவில்லை. பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், மாணவர் சங்கத்தின் நிதி முறையாக நடப்பதையும் வரவுசெலவுத் திட்டம் ஒப்புதல் பெறுவதையும் நிறுவனத்தின் ஆட்சிக்குழு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. விதியாக எழுதிய மேற்பார்வை எல்லாருக்கும் தெரியும். கடனோடு ஒட்டிக்கொண்டு வருகிற மேற்பார்வை, இருப்பதே தெரியாது.

நெருக்கடியே நிர்வாகத்தோடான தகராறு என்றால் இந்த வழி அடைத்தாயிற்று. அங்கே போய் நிற்க வேண்டாம்.

இது எப்போது நல்லது: வரவு நின்றது நிர்வாகத்தின் அல்லது அரசின் முடிவால் என்றால். வளாகத்தை மூடச் சொன்னவரிடம் அரங்க வாடகை இழப்பைக் கேட்பது பிச்சை ஆகாது, அது நியாயமான கோரிக்கை.

## மாணவர்களிடமே கேட்பது

இதில் சந்தாவை உயர்த்துவது, நன்கொடை திரட்டுவது என்று இரண்டு உண்டு. நெருக்கடியில் சந்தாவை உயர்த்துவதைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. குடும்ப வருமானம் விழுந்த நேரத்தில் அதைச் செய்தால் கட்ட முடியாதவர்கள்தான் முதலில் விலகுவார்கள். விலகும் உரிமை இருக்கும் இடங்களில் மொத்த வசூலே குறையவும் கூடும்.

நன்கொடை அப்படியில்லை. பழைய மாணவர்கள், ஆசிரியர்கள், வசதியுள்ள மாணவர்கள் தருவார்கள். ஆனால் 'சங்கத்தின் அலுவலக வாடகைக்கு' என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். 'கஷ்டப்படும் மாணவருக்கு' என்றால் தருவார்கள். அப்படி வந்த பணம் அந்த மாணவருக்கு மட்டும்தான். சங்கத்தின் பற்றாக்குறை அப்படியே இருக்கும், கூடவே இன்னொரு தனிக் கணக்கு எழுதும் வேலையும் வந்து சேரும்.

அவசரம் என்று பொருளாளர் தன் சொந்தக் கணக்கு எண்ணைக் குழுவில் போட்டு வசூலிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டு மளிகைக்குப் போன பணமும் நன்கொடையும் ஒரே பாஸ்புக்கில் அடுத்தடுத்த வரியில் வந்துவிட்டால், எந்தத் தணிக்கையாளராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

இது எப்போது நல்லது: துயர்துடைப்பு நிதிக்கு மட்டும், சங்கக் கணக்கில், யாருக்கு எவ்வளவு என்ற விதியை முதலிலேயே அறிவித்துவிட்டு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கையிருப்பு | கத்தரி | நிர்வாக உதவி | மாணவரிடம் கேட்பது |
|---|---|---|---|---|
| பணம் கைக்கு வரும் வேகம் | உடனே | மெதுவாக மிச்சமாகும் | ஒப்புதலைப் பொறுத்தது | நிச்சயமில்லை |
| திரும்பி வர முடியுமா | மெல்ல நிரப்பலாம் | நிகழ்ச்சி என்றால் ஆம், ஆள் என்றால் இல்லை | கடன் என்றால் கடினம் | உயர்த்திய சந்தாவைக் குறைக்கலாம், போன உறுப்பினர் வருவது சந்தேகம் |
| திருகு யார் கையில் | சங்கம் | சங்கம் | பாதி நிர்வாகம் | கொடுப்பவரின் நோக்கம் |
| சுமை யார் தலையில் | அடுத்த ஆண்டுகள் | ஊழியர், இந்த ஆண்டு மாணவர் | அடுத்த செயற்குழு | கஷ்டப்படுபவர் |
| மறைந்திருக்கும் செலவு | நோக்க நிதியில் கை வைப்பது | நினைவும் நம்பிக்கையும் போவது | சொல்லாத நிபந்தனை | கூடுதல் கணக்கு வேலை |

அட்டவணை ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மாதிரித் தெரிகிறது. நடைமுறையில் கலந்துதான் செய்வோம். என்னைக் கேட்டால், வளாகம் மூடி, எப்போது திறக்கும் என்று தெரியாத நிலையில், முதல் வாரத்திலேயே நிகழ்ச்சிக் குவியலை வெட்டுவேன். ஆட்களைத் தொடமாட்டேன். அடித்தொகை வரை கையிருப்பில் ஓட்டுவேன். நிர்வாகத்திடம் பாக்கியையும் இழப்பையும் கேட்பேன், கடன் கேட்க மாட்டேன். சட்டம் மாறி சந்தா போயிருந்தால் வரிசை தலைகீழாகும்: நீதிமன்றத்தை நம்பிக் காத்திருக்கும் நாள்களுக்கு ஒரு எல்லை வைத்து, அது தாண்டியதும் ஆட்களையும் சேர்த்தே சங்கத்தின் அளவைச் சுருக்க வேண்டியிருக்கும்.

எந்தக் கலவையானாலும் தீர்மானத்தில் இரண்டு விஷயங்களை எழுதிவிடுங்கள்: எந்தத் தேதியில் மறுபடி கூடிப் பார்ப்போம், எந்த எண்ணுக்குக் கீழே இருப்பு இறங்கினால் அந்தத் தேதிக்கு முன்பே கூடுவோம். வளாகம் மூடியிருந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேராது. இணையவழிக் கூட்டம் செல்லும் என்று விதிமுறையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் கூட முடிகிற கடைசிக் கூட்டத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

வங்கியில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் அதே கூட்டத்தில் சரிசெய்துவிட வேண்டும். கையெழுத்து அதிகாரத்தை மாற்ற வங்கி தீர்மான நகல் கேட்கும், கூட்டக் குறிப்பேடு கேட்கும், சில சமயம் பழையவரும் புதியவரும் சேர்ந்து நேரில் வரச் சொல்லும். பதவியேற்ற வாரத்தில் இதைச் செய்யாமல் நான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். வளாகம் மூடியபோது சங்கக் கணக்கின் ஓடிபி இன்னமும் எனக்கு முந்தைய பொருளாளரின் கைபேசிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் படிப்பு முடிந்து, இரவுப் பணியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மூன்று மாதம், ஊழியர் சம்பளமானாலும் மின்கட்டணமானாலும், அவர் தூங்கி எழும் நேரம் பார்த்துத்தான் போனது.